பூட்டிய மின்தூக்கியும் நீக்கப்பட்ட மாணவரும்

அனுப்புநர்:
முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
மகளிர் விடுதி, தரைத்தளம்,
பல்கலைக்கழக வளாகம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
உயர்கல்வி ஆணையரகம்.

பொருள்: பசுமை வளாகத் திட்டத்தின் பெயரால் பொருளியல் துறைக் கட்டடத்தின் மின்தூக்கி பூட்டப்பட்டது – அதனால் நேர்ந்த விபத்துக்காகக் குற்றமற்ற மாணவர் ஒருவர் நீக்கப்பட்டது – அவரை மீண்டும் சேர்க்கவும் மின்தூக்கியைத் திறக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்காணும் செய்திகளைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர அனுமதி வேண்டுகிறேன்.

1. சிறு வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றுபோனது. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். நுழைவுத் தேர்வில் தேறி இங்கே சேர்ந்தேன். என் துறையின் வகுப்பறைகள் மூன்றாம் தளத்தில் உள்ளன. முதல் ஆண்டு முழுவதும் மின்தூக்கியில் போய்வந்தேன். அதைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்க வேண்டாத பொருளாக அது இருந்தது.

2. சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்தில் பசுமை வளாகத் திட்டக் குழு அமைக்கப்பட்டது. அதன் ஒருங்கிணைப்பாளர் எங்கள் துறைப் பேராசிரியை. என் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியும் அவரே. மாணவர்கள் அவரைப் ‘பச்சை மேடம்’ என்பார்கள். அவர் கொடியவர் என்று இம்மனுவில் எங்கும் நான் சொல்லவில்லை. வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைக் குனிந்து எடுக்காமல் அவர் கடந்துபோய் நான் பார்த்ததில்லை. மாணவர் தரப்பு உறுப்பினராக என்னைக் குழுவில் சேர்த்தவரும் அவர்தான். “உன்ன மாதிரி ஒருத்தி இருந்தாதான் கண்ணு, குழுவுக்கே ஒரு அழகு” என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

3. எந்தெந்தத் திட்டங்களை மேற்கொள்வது என்று முடிவு செய்யக் குழு பலமுறை கூடியது. அலுவலகக் குளிர்சாதனங்களைக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கணினிகள் கெட்டுவிடும் என்று நிதி அலுவலர் மறுத்தார். வளாகத்துக்குள் கார்களைத் தடுக்கலாம் என்றார் இன்னொருவர். விடைத்தாள் கட்டுகளை யார் சுமப்பது என்று பேராசிரியர்கள் கேட்டார்கள். கூரையில் சூரியத் தகடு பதிக்கலாம் என்றபோது, கூரை ஒழுகுவது எல்லோருக்கும் ஒருசேர நினைவுக்கு வந்தது. இப்படி ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பெரிய மனிதர் குறுக்கே நின்றார். மின்தூக்கிக்குக் குறுக்கே நிற்க நான் மட்டும்தான் இருந்தேன். என்னால் நிற்க முடியாது.

4. திரையில் ஒரு வரைபடம் போட்டார்கள். எல்லாக் கட்டடங்களிலும் பொருளியல் துறை மின்தூக்கிதான் அதிகமாக ஓடுகிறது என்றது அது. பக்கத்தில் கண்ணீர் விடும் ஓர் இலையின் படம். “மேடம், அந்த பில்டிங்ல ஒரு ஸ்பெஷல் கேஸ் இருக்கு” என்றார் மின் பொறியாளர். மேசையைச் சுற்றி இருந்த அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “ஆசைக்கு ஏறலைங்க. கிளாஸ் மேல இருக்கு.” சிரித்தார்கள். மேடமும் சிரித்து என் முதுகில் தட்டினார். “கோவிச்சுக்காத கண்ணு. உன்னைச் சொல்லல, மெஷினைத்தான் சொல்றோம்.”

வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றலாமே என்று கேட்டேன். தரைத்தளத்தில் பெரிய அறை ஒன்றுதான் உண்டு. அதில் பசுமை வளாகத்தின் தெர்மகோல் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அதை நகர்த்தினால் மரங்கள் உதிர்ந்துவிடும் என்றார்கள். மின்தூக்கியைப் பூட்டுவதென்றும், சாவி ஒருங்கிணைப்பாளரிடம் இருக்குமென்றும், எனக்கு ‘மனித உதவி’ வழங்கப்படுமென்றும் தீர்மானம் ஆனது. நான் கையைத் தூக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

5. அன்று முதல் வகுப்பில் எனக்குக் ‘கரண்ட் பில்’ என்று பெயர்.

6. ‘தோள் கொடுப்போம்’ என்று எழுதிய பச்சை டி-சர்ட் அணிந்த நான்கு மாணவர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிப் படியேறினார்கள். தூக்கப்படுகிறவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதே பெரிய பாடு. தூக்குகிறவர்களைப் பார்த்தால் அவர்கள் மூச்சிரைப்பு தெரியும். கூரையைப் பார்த்தால் பிணம் போல இருக்கும். நான் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை தரைத்தளத்தில் மட்டும் இருந்ததால், இடையில் இறக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதை விட்டேன். சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சலாகப் படுத்தேன். மேடம் விடுதிக்கு வந்து, “தண்ணி சிக்கனத்துக்கும் நீதான் எங்களுக்கு அம்பாசடர்” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தம் கையாலேயே மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே கைதான், ஐயா. அதனால்தான் அவர் மேல் கோபப்படவும் எனக்கு நாளாயிற்று.

7. அந்த நால்வரில் ஒருவரைப் பற்றியே இம்மனு. கழுத்தும் காலும் நீண்டவர் என்பதால் எல்லோரும் அவரை ஒட்டகம் என்று அழைத்தார்கள். படியேறும்போது பாரம் முழுவதும் கீழ்ப்பக்கம் நிற்பவர் மேல் இறங்கும். அந்த இடத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரும் என்னைக் கரண்ட் பில் என்றுதான் கூப்பிடுவார். “ஏறு கரண்ட் பில்லு, கட்ட வேண்டியத கட்டிடலாம்” என்பார். மற்றவர் வாயில் அது வசை. அவர் வாயில் அது பெயராக இருந்தது.

மின்தூக்கியைத் திறக்கும்படி மேடத்திடம் அவர் நேரில் போய்க் கேட்டார். “என்னைக்காவது ஒரு நாள் யாராவது வழுக்கிடுவோம் மேடம்.” அதற்கு வந்த பதில்: “சேவை பிடிக்கலேன்னா விலகிக்கோப்பா. ஆள் கிடைக்காமலா போகும்?” அவர் விலகவில்லை. புதிதாக வருகிறவனுக்கு என் நாற்காலியின் எந்தக் கம்பி ஆடும் என்று தெரியாது என்பதே அவர் சொன்ன காரணம்.

8. பசுமை வளாக விருதுக்காகக் காணொளி எடுக்க ஒரு படப்பிடிப்பாளர் வந்தார். முதல் முறை தூக்கியபோது வெளிச்சம் போதவில்லை என்றார். இறக்கி, மறுபடி தூக்கினார்கள். என் முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்றார். மறுபடியும் இறக்கினார்கள். அதற்கடுத்த முறை, திருப்பத்துக்கு முந்தைய படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, மேலே நின்றிருந்த அவர், “எல்லாரும் இங்க பாருங்க! சிரிங்க!” என்று கூவினார். மேல்பக்கம் பிடித்திருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார், ஐயா. அசைத்த கை, நாற்காலியைப் பிடித்திருந்த கை.

நாற்காலி சாய்ந்தது. மேலே இருந்த மற்றவரின் பிடியும் நழுவியது. கீழ்ப்பக்கத்தின் இன்னொருவர் பயத்தில் ஒதுங்கிக்கொண்டார். ஒட்டகம் ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் அவருக்கு ஒரு கீறலும் பட்டிருக்காது. நான் இந்த மனுவை எழுத இருந்திருக்க மாட்டேன். நாற்காலியும் நானும் அவர் மேல் சரிந்து, இருவருமாகக் கீழ்த் தளத்தில் போய் விழுந்தோம். என் தோள் எலும்பு முறிந்தது. அவருடைய வலது கை சக்கரத்துக்கும் படியின் விளிம்புக்கும் நடுவில் கிடந்தது. விழுந்த பிறகு நான் கேட்ட முதல் குரல் படப்பிடிப்பாளருடையது: “மேடம், இதை கட் பண்ணிடலாம்.”

9. மருத்துவமனையில் ஒட்டகத்தின் அந்தக் கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். என் தாயார் அதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. துவைக்க வந்த துணிக் குவியலில், தாம் தைத்துக் கொடுத்த சட்டை தோள்பட்டையில் கத்தரிக்கப்பட்டுக் கிடந்ததைப் பார்த்துத்தான் அவர் வார்டு வார்டாக ஓடி என்னைத் தேடினார்.

10. மேடம் பழங்களோடு வந்தார். என் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். “அந்தப் பையன் கவனக்குறைவா இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு. லிஃப்ட் உனக்குத் திறந்திடுவாங்க, நான் பொறுப்பு. இல்லேன்னா பழி திட்டத்து மேல வரும். திட்டம் நின்னா எத்தனை மரம் போகும், யோசி.” நான் யோசித்தேன். “அவன் விரல் ரெண்டு போயிருச்சு மேடம்” என்றேன். “போனது போயிருச்சு. இருக்கறதைப் பார்ப்போம்” என்றார். என் தாயார் பழப் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, “போய்ட்டு வாங்கம்மா, புள்ள தூங்கணும்” என்றார். என் தாயார் ஒருவரை வாசலைக் காட்டி அனுப்பியதை அன்றுதான் பார்த்தேன்.

11. விசாரணைக் குழு கூடியது. மற்ற மூன்று மாணவர்களும், ஒட்டகம் கால் இடறியதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் தேர்வு இருக்கிறது. அவர்களுக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். காணொளியைப் போட்டுப் பார்க்கும்படி வேண்டினேன். அந்தப் பகுதி அழிந்துவிட்டது என்றார்கள். பிறகு, அந்த மாணவர் எனக்கு என்ன உறவு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். ‘வகுப்புத் தோழர்’ என்று பதில் சொன்னேன். அது முழு உண்மை அல்ல. ஆனால் முழு உண்மையைக் கேட்கும் தகுதி அந்த அறைக்கு இல்லை.

திட்டத்துக்கு இழுக்கு ஏற்படுத்தியதாகக் கூறி அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைப் பாடத்தில்தான் படித்திருந்தேன். பெட்டியோடு விடுதி வாசலில் நின்றவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “விடு. நீ போய் பரீட்சையை எழுது.” இப்போது ஒரு கிடங்கில் சுமை ஏற்றுகிறார் என்று கேள்விப்படுகிறேன். என் அழைப்புகளை எடுப்பதில்லை.

12. திட்டத்துக்கு விருது கிடைத்தது. அதைத் தங்கள் திருக்கரங்களாலேயே வழங்கினீர்கள். விழாவில் திரையிட்ட காணொளி நாங்கள் சிரிக்கும் இடத்தில் முடிந்தது. “இதுவல்லவா மனிதநேயம்” என்று தாங்கள் பேசியதை, மேடைக்குப் படி மட்டுமே இருந்ததால், கீழே ஒரு தூணின் பக்கத்திலிருந்து கேட்டேன். விருது கொடுத்தவரிடமே புகாரா என்று என் தாயார் கேட்டார். தங்களுக்கு மேலே ஓர் அலுவலகம் இருப்பதாக எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேதான் எழுதியிருப்பேன்; தங்களிடம் மறைப்பதில் பயனில்லை.

13. மின்தூக்கி இன்றும் பூட்டியே இருக்கிறது. விபத்துக்குப் பிறகு தூக்கும் குழு கலைக்கப்பட்டது. வகுப்புக்கு வராவிட்டால் தேர்வு எழுத முடியாது என்பது விதி. ஆகவே நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து, முறியாத கையை ஊன்றிப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறுகிறேன். கடந்து போகிறவர்கள் நல்லவர்கள். என் விரல்களை மிதிக்காமல் பார்த்து நடக்கிறார்கள். சென்ற வாரம் மேடம் இறங்கி வந்தார். என் பக்கத்தில் நின்று, கண் கலங்க, “பாத்தியா கண்ணு, உன்னால முடியுது!” என்றார்.

14. ஆகவே ஐயா, தங்களைப் பணிந்து வேண்டுவது:

மின்தூக்கியைத் திறக்க ஆணையிட வேண்டும். விசாரணையை, இவ்வளாகத்தைச் சேராதவர்களைக் கொண்டு மறுபடி நடத்த வேண்டும். நீக்கப்பட்ட மாணவரை, அவர் கேட்காமலேயே, மீண்டும் சேர்க்க வேண்டும். அவர் கேட்க மாட்டார். எனக்கு இழப்பீடு எதுவும் வேண்டாம். மேடத்தைத் தண்டிக்கவும் நான் கேட்கவில்லை. தாம் செய்தது என்ன என்பதை அவர் ஒரு முறை, சிரிக்காமல், யார் முன்னிலையிலாவது சொல்ல வேண்டும். அதைத் தண்டனை என்று அவர் கருதினால் அது என் பொறுப்பல்ல.

இம்மனுவைப் பற்றி அந்த மாணவருக்குத் தெரியாது. தெரிந்தால் தடுப்பார். தாங்கள் இரங்கி ஆணை பிறப்பித்தால், அதன் நகலை எனக்கு முன்பாக அவருக்கு அனுப்ப வேண்டுகிறேன். கிடங்கின் முகவரியை உறையின் பின்புறம் எழுதியுள்ளேன். மறுப்பதானால் எனக்கு மட்டும் தெரிவித்தால் போதும். அவரை இன்னொரு முறை நீக்க வேண்டாம்.

இடம்: மகளிர் விடுதி
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி