படத்தில் இல்லாத பலகை

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி,
ஆயத்த ஆடைத் தையலகத்தில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவர்,
சலவைக்கடை மாடி, பூங்கா மேற்கு வாசல் எதிர்த்தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா நீரூற்றில் ஏரித் தண்ணீர் வருவது – குடிக்கக் கூடாது என்று பலகை வைக்கக் கோருவது – அதைச் சொல்லிக்கொண்டு நின்ற என் கணவருக்குப் போட்ட நுழைவுத் தடையை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பு தபாலில் அனுப்பிய மனுக்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதால் இதை நேரில் கொண்டுவந்து தங்கள் உதவியாளர் கையில் கொடுக்கிறேன். மனு எழுதும் நடை எனக்கு முழுதாகக் கைவராது. எங்காவது குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். படிக்காமல் மட்டும் வைத்துவிட வேண்டாம்.

1. விக்டோரியா காலத்தில் அமைத்த அந்தப் பூங்காவைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரும்புப் பூவேலை வாசல், பேண்டு வாசிக்கக் கட்டிய எண்கோண மண்டபம், மூக்கு போன சிலை, நடுவில் சிங்க வாய் நீரூற்று. நாங்கள் குடியிருப்பது ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைக் குழாய்தான் காட்சி. ஆகவே ஞாயிறு என்றால் பூங்கா. எங்கள் ஒரே மகளை வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவோம். நீரூற்று வறண்டு கிடந்த காலத்தில், "பாவம்மா, சிங்கத்துக்குத் தாகம்" என்று பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதன் வாயில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அதன் பல்லைக்கூட ஒருநாள் துடைத்துவிட்டாள்.

2. பூங்காவின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்காக நீரூற்றைப் புதுப்பித்தார்கள். அந்தக் காலத்தில் பூங்காவைத் திறந்த அன்று எடுத்த பழைய படம் ஒன்று விழாக்குழுவிடம் இருக்கிறது. அதில் சிங்க வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. சங்கிலியில் இரும்புக் குவளை தொங்குகிறது. பிள்ளைகள் சுற்றி நின்று குடிக்கிறார்கள். அந்தப் படத்தில் உள்ளபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. குழாய்த் தண்ணீருக்கு அத்தனை வேகம் இல்லாததால், செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பூங்கா ஏரி மோட்டாரிலிருந்து நீரூற்றுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். மோட்டார் போடுபவரே இதைப் பின்னால் எங்களிடம் சொன்னார். "பாக்கத்தானேம்மா, யாரு குடிக்கப் போறான்னு இருந்துட்டாங்க" என்றார். பார்க்க மட்டும் என்றால் குவளை எதற்கு ஐயா?

3. சிங்கம் தண்ணீர் கொட்டுவதைக் கண்ட அன்று சுண்டெலி குதித்த குதி எனக்குத்தான் தெரியும். "இப்ப அது எனக்குக் குடுக்குது" என்றாள். என் கணவர் எதிலும் முன்யோசனைக்காரர். லிஃப்டைப் பழுது பார்த்தால் முதலில் தானே மேலும் கீழும் போய்வந்துவிட்டுத்தான் அடுத்தவரை ஏற விடுவார். அன்றும் குவளையைக் கழுவினார், தான் ஒரு குவளை குடித்தார், கொஞ்சம் பொறுத்தார், பிறகுதான் பிள்ளைக்குக் கொடுத்தார். அவள் குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போனில் படமும் எடுத்தார். அவருக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை, அவ்வளவுதான்.

4. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து ரத்தமாகப் போனது. பிறகு சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். குழந்தைகள் உடம்பு இதைத் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை. "நான் குடிச்சுப் பாத்தேனே டாக்டர், நல்லாத்தானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டாள் ஐயா. கடைசிவரை தண்ணீர்தான் கேட்டாள். அளந்துதான் கொடுக்கலாம் என்று பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கச் சொன்னார்கள். நான் வைத்தேன்.

5. சுகாதாரத் துறையினர் வந்து சோதித்து, அது ஏரித் தண்ணீர்தான், அதில் கழிவு கலந்திருக்கிறது என்று உறுதி செய்தார்கள். நீரூற்றைச் சில நாள் நிறுத்திவிட்டு, மருந்து கலந்துவிட்டோம் என்று மறுபடி திறந்தார்கள். இணைப்பை மாற்றவில்லை. பூங்கா கண்காணிப்பாளர் மலர்வளையத்தோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் வந்தவரை உட்கார வைத்தேன். நீரூற்றை மூட முடியாவிட்டால் ஒரு பலகையாவது வையுங்கள் என்று கேட்டேன். விழாக்குழுவிடம் கேட்டுவிட்டுத் தகவல் அனுப்பினார். பழைய படத்தில் பலகை இல்லை, ஆகவே வைக்க இயலாது என்பதே அந்தத் தகவல்.

6. அதற்குப் பிறகு என் கணவர் வேலை முடிந்து நேராகப் பூங்காவுக்குப் போய் நீரூற்றருகே நிற்க ஆரம்பித்தார். குவளையைத் தொடும் பிள்ளைகளிடம் "வேணாம் கண்ணு, இது குடிக்கிற தண்ணி இல்ல" என்பார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். கேட்காமல் ஒரு பையன் வாயருகே கொண்டுபோனபோது குவளையைத் தட்டிவிட்டார். பையனின் அப்பா இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். கூட்டம் கூடியது, போனில் படம் எடுத்தார்கள், பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். பொதுமக்களுக்கு இடையூறு, மனநிலை சரியில்லாதவர், உள்ளே வரக் கூடாது என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டார்.

7. அவர் பைத்தியம் இல்லை. பைத்தியமாக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறார். வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, தான் குடித்துப் பார்த்து, நெடுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் எனக்குத் தருகிறார். தாகத்தில் நா வறண்டாலும் நான் காத்திருக்கிறேன், வேறென்ன செய்ய? மாலையில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து கத்துகிறார். நீரூற்றுவரை அந்தக் குரல் எட்டாது. எட்டாது என்று அவருக்கும் தெரியும். தொண்டை கட்டி வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்துச் சில நாள் எனக்கும் ஆத்திரம் வருகிறது, ஏன்தான் அந்தக் குவளையை எடுத்துத் தொலைத்தீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

8. இப்போது அவசரமாக இந்த மனுவை எழுதக் காரணம், வரும் ஞாயிற்றுக்கிழமை விழா. அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து உடுப்பு மாட்டி, நீரூற்றைச் சுற்றி நிற்க வைத்து, கையில் குவளை கொடுத்து, பழைய படத்தைப் போலவே புதுப்படம் எடுக்கப்போகிறார்களாம். அந்த உடுப்புகள் எங்கள் தையலகத்துக்குத்தான் வந்திருக்கின்றன. காஜா எடுக்கிறவள் நான். ஒவ்வொன்றும் சுண்டெலி அளவு. விழாக்குழுச் செயலாளரைப் பார்த்துக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "சும்மா வாய்ல வச்சு போஸ் குடுப்பாங்கம்மா, குடிக்க மாட்டாங்க" என்றார். வெயிலில் நிற்க வைத்த பிள்ளை, வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் போஸா கொடுக்கும்? அவரும் பிள்ளை பெற்றவர்தான் என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து ஏரி இணைப்பை உடனே துண்டிக்க உத்தரவிட வேண்டும். அது ஞாயிற்றுக்குள் ஆகாதென்றால் குவளையைக் கழற்றிவிட்டுப் பலகை வைக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். முதல் குவளையைத் தாங்கள் குடித்துக் காட்டுங்கள் என்று கேட்க வயிற்றெரிச்சலில் பலமுறை நினைத்ததுண்டு. கேட்கவில்லை. இனி யாருக்கும் எதுவும் ஆக வேண்டாம்.

இவை எதுவுமே முடியாதென்றால், அன்று ஒருநாளாவது என் கணவரை உள்ளே விடச் சொல்லுங்கள். கத்த மாட்டார், யார் மேலும் கை வைக்க மாட்டார் என்று நான் எழுதித் தருகிறேன். பக்கத்தில் நின்று பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு மட்டும் இருப்பார். படம் எடுக்கும் நேரத்தில் ஒதுங்கிக்கொள்வார். படத்தில் விழ மாட்டார்.

தங்கள் உத்தரவு வரும்வரை அலுவலக வாசலிலேயே இருப்பேன்.

இடம்: ஆணையர் அலுவலக வராந்தா
நாள்: விழாவுக்கு முந்தைய வியாழன்

இப்படிக்கு,
(கையொப்பம்)
சுண்டெலியின் அம்மா

இணைப்பு:
நுழைவுத் தடை உத்தரவின் நகல்.
எங்கள் மகள் குவளையோடு நிற்கும் படம். விழாக்குழுவிடம் உள்ள பழைய படத்தோடு வைத்துப் பார்க்கவும். சிங்கம், சங்கிலி, குவளை, குழந்தை எல்லாம் அப்படியே இருக்கிறது. பலகை இல்லை.