பதில் சொல்ல ஆள் உண்டா

மார்ச் 4
எங்கள் அலுவலக மென்பொருளை ஃபங்ஷனல் வகை நிரல் மொழி ஒன்றுக்கு மாற்றுகிறார்கள். அது டேட்டாபேஸோடு பேச ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்று, அதாவது யாரோ எழுதி எல்லாருக்கும் இலவசமாக விட்டிருக்கும் நிரல் தொகுப்பு, வேண்டும். பொறுக்குகிற வேலை என் தலையில். மூன்று தேறின. மூன்றாவது, தம்பி எழுதியது. சத்தியமாக நான் திணிக்கவில்லை. சோதனையில் அதுதான் முதலில் வந்தது. என் தம்பி என்பதை மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

"யாரா இருந்தாலும் சரி. வழக்கம்போல மூணு பேருக்கும் ஒரு கேள்வி போடுங்க. ஒரு வாரத்துல யார் பதில் சொல்றாங்கன்னு பாப்போம்."

அவனுடையதை எடுத்தால் சம்பளத்தோடு அதன் பராமரிப்பு வேலையும் அவனுக்கே தருவார்களாம். வேலை போனதிலிருந்து அறையை விட்டு வெளியே வராதவனுக்கு! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 5
முதல் லைப்ரரிக்காரர் மதியத்துக்குள் பதில் போட்டுவிட்டார். மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா?

மார்ச் 7
இரண்டாவதும் வந்தாயிற்று. தம்பியிடமிருந்து மட்டும் ஒரு வரி இல்லை. கதவைத் தட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"பாத்தேன்க்கா. போடுறேன்."

டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் பாதியில் நின்ற பதிவு என்னாகும் என்பதுதான் கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

மார்ச் 10
"ஒரே ஒரு வரி போதும்டா."

"அதான் போடுறேன்னு சொன்னேன்ல."

கத்திவிட்டேன். அப்படி என்னடா கஷ்டம், கையில விலங்கா போட்டிருக்குன்னு... சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

மார்ச் 11
கடைசி நாள். அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவன் பெயரில் நானே பதிலை அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன். நாளைக்கு நிஜமாகவே ஏதாவது உடைந்தால் யார் வந்து பார்ப்பது?

மேலாளர் முதல் லைப்ரரியை எடுத்தார். "தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பே இல்லை. அதனால்தான் இன்னும் அழுகையாக வருகிறது.

மார்ச் 13
அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளை.

மார்ச் 16
மேலாளர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தம்பியின் பதில்! ஒரு வரியில்லை, முழுப் பக்கம். எங்கே அறுந்தால் என்னாகும், அதைச் சோதிப்பது எப்படி, தாமதத்துக்கு மன்னிப்பு, எல்லாம் இருந்தது.

"என்னமா எழுதியிருக்கார்! நாமதான் அந்த முதல் லைப்ரரிய வச்சு மாத்தவே ஆரம்பிச்சிட்டோமே..."

வீட்டுக்கு வந்தால், சவரம் செய்து சட்டை மாற்றிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் தட்டு வைத்திருந்தான்.

"பாத்தியாக்கா? போட்டுட்டேன். எப்பக்கா சொல்வாங்க?"

"இன்னும் பாத்துட்டிருக்காங்கடா."

"அவசரமில்ல, நிதானமாப் பாக்கட்டும்" என்று எனக்குப் பரிமாறினான்.