பின் சீட்

பையனோட அம்மாவுக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அன்று நடந்ததைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வண்டி விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

கைக்கு எட்டும் விலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் தேடி, ஞாயிறுதோறும் அலைந்து கால் ஓய்ந்துவிட்டது. பையன் பள்ளிக்கூடம் போன காலத்தில், நீ வேலை முடிந்து வந்ததும் டிவியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பாயே, அவன் படித்தானா, படம் பார்த்தானா என்று? அதே மாதிரி நானும் போன இடத்திலெல்லாம் முதலில் இன்ஜினைத்தான் தொட்டேன். ஆறு வண்டியும் சுட்டது. லேசில் கிளம்பாத வண்டியை, நான் வருவதற்குள் எப்படியோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். நீ கூட இருந்திருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய்.

ஏழாவது ஜில்லென்று இருந்தது. இரண்டாவது உதையிலேயே கிளம்பியது. வாங்கிவிட்டேன்.

ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் அதில் சீட். பின்னால் வெறும் கம்பி கேரியர். மெக்கானிக் கேட்டார், "நீங்க மட்டும்தானாண்ணே, இல்ல பின் சீட்டும் போடணுமா?"

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வரை அவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். கேரியரே போதும் என்றாலும் ஒரு வரி எழுதிவிடு.

பையனோட அப்பா