நூறிலிருந்து ஏழு ஏழாக

1984 ஏப்ரல் 24, செவ்வாய்

93, 86, 79... 2. கம்பெனி பஸ் ஒரகடம் வளைவைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன். தப்பில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டர் புத்தித் தெளிவைச் சோதிக்க அம்மாவிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கழித்தேன். பதின்மூன்று வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. அம்மாவுக்கு அந்த நோய் இருபத்தெட்டில் வந்தது. எனக்கு இப்போது இருபத்திரண்டு. வந்தால் எனக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?

ஏப்ரல் 29, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மரியஜோசப், மறைமலை நகரில் லேத் வேலை. கூடவே அவர் அம்மா அன்னபுஷ்பம். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மாவைப் பின்னறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தோம். பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்டதும் அப்பா திணறினார். வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடனுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னது நான்தான். அப்படியானால் மாதா கோயில் எண்ணெய் கொண்டுவருவாளே, என் முட்டி வலிக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பு என்றார் அந்த அம்மா.

அந்த நேரம் பார்த்துப் பின்னறைக் கதவு தடதடத்தது.

"ஆடு," என்றேன்.

ஆடு என்று சொன்னேன். பெற்ற அம்மாவை.

மே 3

டானிக் பாட்டிலைக் கழுவி எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெயை ஊற்றினேன். அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். கணக்கு சரியாக வந்தது.

மே 6, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை, கல்யாண அறிவிப்பு. "மண்ணூர் யாகப்பன் மகள் கிரேசி" என்று பூசையில் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார் சாமியார். ஊருக்கே தெரியும். ஒருவர்கூட இருமவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு.

மே 10

பஸ் ஸ்டாப்பில் மரியஜோசப். அவர் அம்மாவுக்கு முட்டி தேவலையாம். "உங்கம்மா கொண்டாந்த எண்ணெய்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மே 13, ஞாயிறு

இரண்டாம் ஓலையும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. சோற்றில் விஷம் என்று சுவருக்குள் இருப்பவன் சொல்கிறானாம். தட்டோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாய்க்குள் கழித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொன்று. அப்புறம் நாற்பத்தைந்து என்றேன்.

"நாப்பத்தி நாலுடி," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

முப்பத்தேழு, முப்பது, இருபத்து மூன்று... இரண்டு வரைக்கும் தடங்கலில்லாமல் சொன்னாள். தினமும் நான் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம். டாக்டர் கேட்ட அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "அந்தாளு கேட்ட தோரணை புடிக்கல." அதே மூச்சில், சோற்றை வெளியே கொட்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள்.

நோயாளி சரியாகச் சொல்றா. நான் தப்பா சொல்றேன். ஐயோ, அப்போ இத்தனை வருஷமா எதை வெச்சு என்னைப் பார்த்துகினு இருந்தேன்?

மே 14

கம்பெனியில் நான் பார்க்கும் செக்கிங்கில், எந்தப் பாகத்தை அளந்தாலும் சரி என்று காட்டுகிற கேஜைத் தூக்கி எறிந்துவிடுவோம். நான் அதை வைத்துத்தான் என்னை அளந்திருக்கிறேன்.

சரி, ஒன்பது வயதிலிருந்து சோற்றில் மாத்திரையைப் பிசைந்து கொடுத்தது யார்? அம்மா கத்தக் கத்தப் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, பத்தாவதில் கணக்கில் தொண்ணூறு வாங்கியது யார்? அதை ஏன் நான் ஒரு நாளும் சேர்த்துக்கொள்ளவில்லை?

இனிமேல் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் என்னையும் ஒரு கதவுக்குப் பின்னால் தள்ளி ஆடு என்றுதானே சொல்வார்கள்? வழி காட்டியவளே நான்தான்.

மே 17, வியாழன்

அரை நாள் லீவு போட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எண்ணெய், ஆடு, அம்மா, எனக்கும் வரலாம் என்பது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரியஜோசப் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா முட்டியைத் தடவியபடி, "நீ கெளம்பும்மா," என்றார். அவ்வளவுதான்.

அப்பா கோபப்படவில்லை. "ஊரே வாயை மூடிகினு இருந்துச்சு. நீ தொறந்துட்ட," என்றார்.

மே 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் அன்னபுஷ்பம் அம்மா தனியாக வந்தார். கையில் அந்த டானிக் பாட்டில். மகன் யோசிக்க வேண்டும் என்கிறானாம், யோசிக்கட்டும் என்றார். நேராகப் பின்னறைக் கதவுக்குப் போனார்.

"ஏம்மா, எண்ணெய் தீர்ந்துபோச்சு. உன் வூட்டு எண்ணெய்தானாமே. இன்னும் கொஞ்சம் குடு."

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு அம்மா பேசினாள்.

"வெளிய தாழ்ப்பா போட்டு கீது. தொறந்தா எடுத்துத் தர்றேன்."

நான்தான் திறந்தேன்.

மே 26

தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார். கதவில் நான்கு ஆணி ஓட்டை. அம்மா இரண்டு முறை தெருவுக்கு ஓடினாள். இரண்டு முறையும் நான் பின்னால் ஓடிக் கூட்டிவந்தேன்.

ஜூன் 3, ஞாயிறு

மரியஜோசப் யோசித்து முடித்துச் சரி என்றுவிட்டார். மூன்றாம் ஓலை.

பெண்கள் பக்கம் கடைசியில், தரையில், அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சாமியார் கேட்டபோது அம்மாவின் உதடு அசைந்தது. சுவரிலிருப்பவனோடு பேச ஆரம்பித்துவிட்டாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தொண்ணூத்தி மூணு. எம்பத்தாறு. எழுவத்தொம்பது..."

என் கையை இறுகப் பிடித்திருந்தாள். சாமியார் காகிதத்தை மடித்தபோது இரண்டுக்கு வந்திருந்தாள்.