பூனையை எழுப்பச் சொன்ன விவகாரம்

ஜெகதாப்பட்டினம்,
நவம்பர் 10, திங்கள்.

அன்பு மகள் அன்புமொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்துல இங்கே நானும் உன் அம்மாவும் ஐஸ் போடாமலே கெடாமல் இருக்கிறோம். சார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை சந்தோஷும் பேத்தியும் அதுபோலவே இருக்கணும். நீ என்மேல கோபமா இருக்கேங்கிறது தெரியும், கோபமா இருக்கிறவளுக்கும் உடம்பு நல்லா இருக்கணுமில்ல. போன் போட்டா எடுக்க மாட்டேங்குற. வாட்ஸ்அப்புல அனுப்பினா ஒத்தை டிக்கோட நிக்குது, அதுக்குப் பேரு ப்ளாக்குன்னு ஐஸ் கம்பெனி பெலிக்ஸ்தான் விளக்கம் சொன்னான், சொல்லும்போது அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. முப்பத்திரண்டு வருஷமா கருவாட்டு ஏவாரம் பண்றேன், ஏலத்துல என்கிட்டத் தோத்தவன்கூட என்னை ப்ளாக் பண்ணினதில்லை. உன் அம்மாவை எடுத்துச் சொல்லச் சொன்னா, நீங்க கெடுத்ததை நீங்களே சீர் பண்ணுங்க, நடுவுல நான் தரகு பார்க்க மாட்டேன்னுட்டா. நம்ம சார்லஸ் புதன்கிழமை திருச்சியில சார்ஜா ஃப்ளைட் ஏறுறான்னு கேள்விப்பட்டு, இந்தக் கடிதத்தை நெத்திலிப் பொட்டலத்துக்குள்ள வச்சு அனுப்புறேன். என் எழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைத் தூக்கிப் போட்டாலும் போடுவே, நெத்திலியைப் பிரிக்காம இருக்க ஒன்னால முடியாது.

முதல்ல என் தப்பை ஒத்துக்கிறேன், அதுக்கப்புறம் உன் தப்பைச் சொல்றேன். சம்மந்தி வீட்டுல கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆகுதுன்னு, கிறிஸ்மஸுக்கு நீங்க வர்ற ஒன்பது நாள்ல மூணு நாளை ஒதுக்கி, ரெண்டு குடும்பமும் ஒண்ணா இருக்கக் கொடைக்கானல்ல ஒரு வீட்டைப் போன் ஆப்புல புடிச்ச. நாலு வருஷம் கழிச்சு வர்றவ. சம்மந்தியம்மா அதை மணப்பாறை முழுக்கச் சொல்லி ஸ்வெட்டரும் வாங்கிட்டாங்க. படத்தைப் பாருங்கப்பான்னு பாஸ்வேர்டைக் கொடுத்தது நீ. நான் பார்த்ததோட நிக்கலை. உன் பேருல இருந்தே வீட்டுக்காரம்மாவுக்குக் கேள்வி மேல கேள்வி எழுதினேன், அவங்க புக்கிங்கையே ரத்து பண்ணிட்டாங்க. டிசம்பர் கடைசிக்கு இனிமே மலையில வேற வீடு ஏது, மாமியார்கிட்ட எந்த மொகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு நீ அம்மாகிட்ட அழுதியாம். சிரிச்சுக்கிட்டே எழுதுறேன்னு நெனைக்காதே, அந்த அழுகை எனக்கு உறுத்துது.

ஆனா என் பக்கத்தையும் கேளு. கருவாட்டு மூட்டையை அவிழ்த்துக் காட்டினா மேல இருக்கிறது வெள்ளி மாதிரித்தான் மின்னும். மேல இருக்கிறதைப் பார்த்து விலை பேசுறவன் ஒரு சீசன்தான் ஏவாரம் பண்ணுவான். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியில கெடக்குறதை எடுத்து ஒடிச்சு மோந்து பார்க்கணும். உப்பை ஈரத்தோட கட்டி எடை ஏத்தினவன் அங்கதான் மாட்டுவான். போன்ல வர்ற வீட்டுக்கு அடி எங்கே இருக்குன்னு நான் கையை விடுறது? படத்துக்கு மணமும் கெடையாது. ஒன்பது படம் போட்டிருந்தாங்க, அதுல ஆறு ஊஞ்சல். பாத்ரூம் படம் ஒண்ணுகூட இல்லை. வாசலுக்கு வர்ற வழியைக் காணோம். வாடகை அக்கம்பக்கத்துல இருக்கிறதுல பாதி. தங்கிட்டுப் போனவங்க பதினோரு பேர் எழுதியிருக்காங்க, பதினோரு பேரும் மே மாசத்துல எழுதியிருக்காங்க, அதுலயும் எட்டுப் பேர் வீட்டை விட்டுட்டுப் பூனையைப் பத்தி எழுதியிருக்காங்க. வஞ்சிரம்னு சொல்லி ஒருத்தன் பாதி விலைக்குக் கொடுத்தா நீ பேசாம வாங்கிப் பையில போட்டுக்குவியா, இது என்ன மீனுப்பான்னு கேப்பியா? நான் கேட்டேன்.

கேட்டது கொஞ்சம் கூடிப்போச்சு. உன் அம்மா எண்ணிப் பார்த்துட்டு முப்பத்தி நாலுன்னா. ராத்திரிக் காவலுக்கு ஆள் உண்டா, பின்வாசல் எந்தப் பக்கம், தாழ்ப்பாள் இரும்பா மரமா, பக்கத்து வீடு கூப்பிடுற தூரமா, நீங்க தனியாவா இருக்கீங்க. பேத்தி வந்து தங்குற வீடாச்சேன்னு கேட்டது. கூடவே ஏவார வழக்கப்படி பண்டத்தையும் மட்டம் தட்டினேன், ஊஞ்சல் சங்கிலி துருப்புடிச்ச மாதிரித் தெரியுதே, சுவத்துல ஓதம் அடிச்சிருக்கோ அப்படின்னு. குறை சொல்லாம வாங்குறவனைப் பார்த்தா விக்கிறவனுக்கே சந்தேகம் வந்துரும், அது எங்க மார்க்கெட்டு முறை. அந்தம்மா எல்லாத்துக்கும் பொறுமையா பதில் போட்டாங்க. கடைசியில ஒரு பரீட்சை வச்சேன். இன்னைக்குத் தேதி பேப்பரை ஊஞ்சல்ல வச்சுப் படம் எடுத்து அனுப்புங்க, வீடு உங்க கையிலதான் இருக்குன்னு நம்புறேன்னு எழுதினேன். அரை மணி நேரத்துல படம் வந்துச்சு. ஊஞ்சல் இருக்கு, பேப்பர் இருக்கு, தேதி இருக்க வேண்டிய இடத்துல குண்டா ஒரு பூனை படுத்திருக்கு. ஆகா, பழைய பேப்பரை வச்சுட்டுத் தேதியை மறைக்கப் பூனையைப் படுக்கப் போட்டிருக்காங்கன்னு நான் முடிவே பண்ணிட்டேன். பூனையை எழுப்பிட்டு எடுங்கன்னு எழுதினேன். தூங்குற பூனையை எழுப்புற வழக்கம் இந்த வீட்டுல இல்லைன்னு பதில் வந்துச்சு. அது பின்னாலயே ரத்துன்னு வந்துச்சு. அதுக்குப் பின்னால நீ வந்து என்னை ப்ளாக் பண்ணின.

மூணு நாள் பார்த்தேன். வியாழக்கிழமை வத்தலக்குண்டுக்கு லோடு கெளம்பின வண்டியில டிரைவர் மதுரைவீரன் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன். உன் அம்மாகிட்ட லோடு இறக்கிட்டு வர்றேன்னு மட்டும்தான் சொன்னேன், இளைப்புக்காரன் மலைக்குளிருக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை அவ ஜெபமாலை மாதிரி உருட்டிக்கிட்டே இருப்பா. வத்தலக்குண்டுல நானும் நாலு மூட்டை தூக்கி இறக்கிட்டு, அப்படியே கொடைக்கானல் பஸ் ஏறிட்டேன். என் மேல என்ன மணந்திருக்கும்னு ஒனக்குச் சொல்லணுமா. கூட்டமான பஸ்ஸுல மூணு பேர் சீட்டு முழுசும் எனக்கே கெடைச்சுது. முன்சீட்டுல இருந்த புதுமாப்பிள்ளையும் பொண்ணும் அந்தக் குளிர்லயும் கண்ணாடியைத் திறந்து வச்சுக்கிட்டே வந்தாங்க. ரத்தாகுறதுக்கு முன்னாடியே விலாசத்தைக் குறிச்சு வச்சிருந்தேன், வில்பட்டிப் பக்கம். ரோட்டுல இறங்கினா வீடு பள்ளத்துல இருக்கு. படி. எண்ணிக்கிட்டே இறங்கினேன், அறுபத்தி நாலு. அதுதான் படத்துல இல்லாத வழி, அதுதான் பாதி வாடகை.

வீட்டுக்காரம்மா பேரு அழகம்மாள், ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், எழுபது வயசு இருக்கும். கேட்டுக்கு உள்ளே நின்னுக்கிட்டே யாருன்னு கேட்டாங்க. அன்புமொழியோட அப்பா, ஜெகதாப்பட்டினம் சவரியப்பன்னேன். ஓ, முப்பத்தி நாலு கேள்வியா நீங்கன்னாங்க. கேட்டைத் திறக்கலை. உங்க மக ஆப்புல கணக்கு ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆகுது, மொகத்துக்குப் பதிலா ஒரு செம்பருத்திப் பூவை வச்சிருக்கு, இதுக்கு முன்னாடி எங்கேயும் தங்கினதா ஒரு வரி இல்லை, பொண்ணு பேருல ஒரு ஆம்பளை பேசுறான், காவல் உண்டா, பின்வாசல் எங்கே, தனியாவா இருக்கீங்கன்னு கேக்குறான், இதெல்லாம் தங்க வர்றவன் கேக்குற கேள்வியா திருட வர்றவன் கேக்குற கேள்வியா நீங்களே சொல்லுங்க அப்படின்னாங்க. ஆத்தா, நான் அவங்க மூட்டையில கையை விட்டுத் தேடிக்கிட்டிருந்த நேரத்துல அவங்க என் மூட்டையைக் கொட்டிக் கவுத்தே பார்த்துட்டாங்க. நான் கருவாட்டு ஏவாரிங்க, வாய் அப்படிப் பழகிப்போச்சுங்கன்னேன். அதை யார் வேணும்னாலும் சொல்லலாமேன்னாங்க.

அந்த நேரத்துல பாரு, ஊஞ்சல்ல படுத்திருந்த அந்தக் குண்டுப் பூனை ஒத்தைக் கண்ணைத் திறந்துச்சு. மூக்கைத் தூக்குச்சு. எழுப்ப மாட்டோம்னாங்களே, அது தானா எழுந்து, குதிச்சு, கேட்டுக் கம்பிக்குள்ள வயித்தை எக்கி நுழைஞ்சு வந்து, என் வேட்டியைச் சுத்திச் சுத்தி உரசிட்டுத் துண்டுல ஏறித் தொங்கிருச்சு. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பார்த்தாங்க. கருவாட்டு ஏவாரிதான்னு சொல்லிக் கேட்டைத் திறந்தாங்க. இத்தனை வருஷத்துல இந்த மணத்தை வச்சு ஒருத்தர் எனக்குக் கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. காப்பி கொடுத்தாங்க. மே மாசமும் டிசம்பரும் மட்டும்தான் வீட்டை வாடகைக்கு விடுவாங்களாம், வீட்டை ஆப்புல போட்டதே இந்த ஏப்ரல்லதானாம், அதான் பதினோரு பேரும் மே. பாத்ரூம் படம் ஏன் போடலைன்னேன், குளிக்கிற எடத்தைப் போயி ஊருக்குப் படம் புடிச்சுக் காட்டுவாங்களான்னு என்னையே கேட்டாங்க. உள்ளே போய்ப் பார்த்தேன், நம்ம வீட்டுதைவிடச் சுத்தம். ஹீட்டர் வேலை செய்யுது, திருகிப் பார்த்தேன். மெத்தையைப் பொரட்டிப் பார்த்தேன், அந்தம்மா சிரிச்சாங்க. சுவத்துல ஓதம் இருக்கு, அது மட்டும் நான் சொன்னபடிதான்.

இப்ப உன் தப்புக்கு வர்றேன். உன் மாமியாருக்கு ஆடி மாசம்தான் முட்டி ஆப்பரேசன் ஆச்சு. வாசலுக்கு வழி எப்படின்னு ஒரு கேள்வி, முப்பத்தி நாலு வேண்டாம், ஒரே ஒரு கேள்வி நீ கேட்டிருக்கணும். நானும்தான் கேக்கலை, தாழ்ப்பாளைக் கேட்டவன் படியைக் கேக்கலை. அறுபத்தி நாலு படியில அவங்களை நாற்காலியில வச்சு நானும் மாப்பிள்ளையும் தூக்கிக்கிட்டு இறங்கினா அது நாப்பதாம் கல்யாண நாளா இருக்காது, சப்பரமா இருக்கும். அந்தம்மாகிட்டச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால ரெங்கசாமின்னு ஒருத்தரோட கேரட் தோட்டம், அது வழியா ஜீப்பு கொல்லைவாசல் வரைக்கும் வரும், ஆனா அவரு யாரையும் விடமாட்டாருன்னாங்க. அங்கிட்டுப் போய் அவரைப் பார்த்தேன். ரெண்டு கிலோ வஞ்சிரம் கருவாட்டுல பேசி முடிச்சுட்டேன், டிசம்பர்ல வரும்போது கையோட கொண்டு போகணும். இதை உன் மாமியாருக்குத் தெரியவிடாதே, அவங்களுக்காகத் தனியா வழி கேட்டு வாங்கினோம்னு கூச்சப்படுவாங்க, வழியே அதுதான்னு சொல்லிரு.

வீடு உனக்குத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேற யாருக்கும் விடமாட்டேன்னு அழகம்மாள் டீச்சர் வாக்குக் கொடுத்திருக்காங்க, அதுக்குள்ள நீ மறுபடி புக் பண்ணணும். பணத்தை அந்த ஆப்புக்குள்ளேயே கட்டு. அவங்க நல்லவங்கதான், ஆனா இது நீ நாளைக்கு வேற வீடு புடிக்கும்போதும் ஒட்டிக்கிட்டு வர வேண்டிய பழக்கம், வெளியே அனுப்புங்கன்னு எவன் சொன்னாலும் அந்த எடத்துலயே எந்திரிச்சு வந்துரு. செம்பருத்தியை எடுத்துட்டு உன் மொகத்தை வை. நாம போறபோது அவங்களும் ஆப்புல நமக்கு நட்சத்திர மார்க்குப் போடுவாங்களாம், அதனால மூணு நாளும் நான் வாயைத் திறக்க மாட்டேன்னு மாதா பேருல சொல்றேன். வண்டி மலை ஏற இ-பாஸ் எடுக்கணும், அதை மாப்பிள்ளை பார்த்துக்கட்டும்.

இங்கே வேற விசேஷம், சனிக்கிழமை போன நம்ம பக்கத்துப் படகு ரெண்டும் வந்து சேர்றவரைக்கும் யாரும் சரியாச் சாப்பிடலை, பத்திரமா வந்துருச்சுக, மீன்பாடு சுமார்தான். அந்தம்மா குளிருக்குன்னு கொடுத்த குரங்குக் குல்லாவைக் கடையில சாளைக் கருவாட்டு மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன், அம்மாகிட்ட மூச்சு விடாதே. நீ, மாப்பிள்ளை, பேத்தி மூணு பேர் தலையிலயும் மாதா கை இருக்கட்டும். கோபம் இருந்தா வந்து நேர்ல திட்டு, ப்ளாக்கை மட்டும் எடுத்துவிடு.

முக்கியமானதைக் கடைசியில சொல்றேன், முதல்லயே சொன்னா நீ மேற்கொண்டு படிச்சிருக்க மாட்டே. புக் பண்றதுக்கு டீச்சர் ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. அன்னைய தேதி பேப்பரை நீ கையில புடிச்சுக்கிட்டு, மொகமும் தேதியும் தெரியப் படம் எடுத்து அனுப்பணுமாம். அங்கே எந்தப் பாஷைப் பேப்பர் கெடைச்சாலும் பரவாயில்லையாம். பேத்தியை அதுமேல படுக்க விட்டுராதே.

இப்படிக்கு,
உன் ப்ளாக்கு பட்ட அப்பா,
அ. சவரியப்பன்