மூடினால் முகத்தோடு முகம்

பிரியமுள்ள மகன் றெஜிக்கு அம்மச்சி எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது, கிருபையையும் பொய்யையும் ஒரே வரியில் எழுத வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். ஹூஸ்டனில் நீயும் பின்ஸியும் பிள்ளைகளும் நலம் என்று உன் மாமனார் கோயிலில் யாரிடமோ சத்தமாகச் சொன்னதை வைத்துத் தெரிந்துகொண்டேன். எங்களிடம் நேரே சொல்ல அவருக்கு இப்போது வாய் வருவதில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது, கிணற்றடி முழுக்கப் பாசி. வருக்கைப் பலாவில் அணில் தின்றது போக மீதி மரத்திலேயே அழுகுகிறது, தின்ன ஆள் இல்லை. உன் அப்பச்சனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்றால் கப்பைக்கிழங்கைக் கூட்டிக்கொள்கிறார். நிற்க, உன் கார்டு வந்தது. 'அப்பச்சன் எங்கள் குடும்பத்தை நாறடித்துவிட்டார்' என்று தபால்காரனும் படிக்கிற மாதிரி எழுதியிருந்தாய். ஒரு கவர் வாங்கக்கூட அமெரிக்காவில் முடியவில்லையா மகனே? நடந்ததை நீ இதுவரை உன் மாமனார் வீட்டார் வாயால்தான் கேட்டிருக்கிறாய், என் வாயாலும் ஒருமுறை கேட்டுக்கொள்.

நோன்பு காலத்தில் பின்ஸியின் தாத்தா தெக்கேமாளிகை கோரச்சன் இறந்தார். அதே வாரம், அவருக்கு ஒரு நாள் முன்னால், நம்முடைய உபதேசி பத்ரோஸும் போய்விட்டார். கோரச்சனின் அடக்கத்தை நீ வீடியோ கேசட்டில் பார்த்திருப்பாய், பிஷப்புமார் மூன்று திருமேனிகள் வந்தார்கள், கோயில் முற்றத்தில் கார் நிறுத்த இடமில்லை. உபதேசியைக் கீழே, ஓடைக்கரையில் இருக்கிற புதுக் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். நான்கு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்குகிறவர்களுக்கு இன்னும் புதுக் கிறிஸ்தவர் என்றுதான் பெயர், எப்போது பழசாவார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அடக்கம் நடத்த வந்த அச்சன் குடையை மடக்காமலே ஜெபத்தை முடித்துவிட்டு ஓடினார் என்று அப்பச்சன் நனைந்த வேட்டியோடு வந்து சொன்னார். உபதேசி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பச்சன் ஆசிரியராக இருந்த சபையின் மாதப் பத்திரிகை 'ஒலிவக்கொம்பு' தொடங்கிய வருஷத்திலிருந்து மாசிகைக் கட்டைத் தலையில் வைத்துக் குட்டநாட்டுக் காயலில் வள்ளம் வள்ளமாக ஏறி விற்றவர். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எங்கிருந்தோ கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வந்தவர். கன்வென்ஷன் பந்தலில் நீங்கள் எல்லாரும் கை தட்டிப் பாடுகிற பாட்டுகளில் பாதி அவர் வரப்பில் நடந்துகொண்டே கட்டியது, அது அவருடையது என்று பாடுகிறவர்களுக்குத் தெரியாது.

மரண அறிவிப்புப் பக்கங்களுக்கு உன் அப்பச்சன் வைத்திருந்த சட்டம் உனக்குத் தெரியும். பெரிய வீடானாலும் குடிசையானாலும் படத்துக்கு ஒரே அளவு பிளாக், யார் முதலில் இறந்தார்களோ அவர்கள் முதலில். அந்தச் சட்டப்படி இடது பக்கம் மேலே உபதேசி வந்தார், வலது பக்கம் மேலே கோரச்சன் வந்தார். அவ்வளவுதான் மகனே நடந்தது. உன் அப்பச்சன் வாழ்க்கையில் செய்த மகா பாவம் அதுதான். ஈஸ்டருக்கு முன்னால் உன் மாமனார் அவறாச்சன் மாசிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். பழம்பொரி வைத்தேன், தொடவில்லை. மேசையில் மாசிகையை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். "பாருங்க சாறே, விரிச்சா எதிரெதிரே இருக்காங்க, அதுகூடப் போகட்டும். மூடினா? எங்க அப்பச்சன் மூஞ்சிமேல அந்த ஆளு மூஞ்சி படியுது. அப்படியே எல்லா வீட்டு அலமாரியிலயும் கிடக்குது. எங்க வீட்ல பொம்பளைங்க அழறாங்க" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. அப்போ மூடாம விரிச்சே வெச்சிருங்களேன் அவறாச்சா என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உன் அப்பச்சன் மட்டும் சிரிக்காமல் அந்த மாசிகையை எடுத்து, தானும் ஒருமுறை மூடிப் பார்த்தார்.

அடுத்த வாரம் திருமேனியின் அரமனையிலிருந்து ஆள் வந்தது, இவர் போய்ப் பார்த்தார். திருமேனி கோபப்படவில்லையாம், அவர் எப்போது கோபப்பட்டிருக்கிறார், சிரித்துக்கொண்டேதான் எல்லாம் செய்வார். "இட்டியவிரா, நீ தப்பு பண்ணினன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பெரிய குடும்பத்தோட மனசு புண்பட்டிருக்கு. அச்சகத்துக்குப் புதுக் கட்டடம் அவங்கதான் கட்டித் தர்றாங்கன்னு உனக்கும் தெரியும். வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி போட்டுடு, முடிஞ்சுது" என்றாராம். எழுந்து வரும்போது, "உன் புத்தகமும் அச்சிலதானே இருக்கு?" என்று கேட்டு முதுகில் தட்டினாராம். தட்டின இடம் இன்னும் வலிக்கிறது என்றார் உன் அப்பச்சன், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துகொண்டு. அந்தப் புத்தகம் என்ன என்று உன் மாமனாருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பத்ரோஸைப் போன்ற உபதேசிமார்களின் வரலாறு. வயல் வயலாக அலைந்து, சாகக் கிடக்கிற கிழவர்களின் வாயில் காதை வைத்து எழுதியது. சேறு படிந்த வேட்டிகளைத் துவைத்தவள் நான், அதனால் அதன் கனம் எனக்குத் தெரியும். முன்னால் எழுதிய பதினொரு புத்தகமும் திருமேனிமார்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் கேட்டவர்களுக்காக எழுதிக் கொடுத்தது. இது ஒன்றுதான் தனக்காக எழுதியது.

அந்தக் காலத்தில் சர்க்கார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வா, சபை உன்னைக் கைவிடாது என்று பழைய திருமேனி நம் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். இவரும் ஆபிரகாம் மாதிரி கேள்வி கேட்காமல் புறப்பட்டார், சாராளாக நான் பின்னால் போனேன், என்ன பொருத்தமான பெயர் வைத்தார்களோ எனக்கு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஹெட்மாஸ்டர்களாகி பென்ஷன் வாங்குகிறார்கள். இவர் வாங்கியது பொன்னாடை. பெட்டி நிறைய இருக்கிறது, ஜன்னலுக்குத் திரை தைக்கலாம் என்றால் துணி வழுக்குகிறது. நீ சின்னப் பையனாக மைதாப் பசை காய்ச்சி விலாசச் சீட்டு ஒட்டினாயே, அது எந்த மாசிகைக்கு? உன் கல்யாணத்தன்று காலையில்கூட இவர் புரூஃப் திருத்திவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரராக வேஷ்டி கட்டினார். முதல் பக்கத்தில் 'மேய்ப்பனின் சொல்' என்று திருமேனியின் கையெழுத்தோடு மாதாமாதம் வருகிறதே, அதையும் இவர்தான் எழுதினார் என்பது அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு படமும் வந்த அதே இதழில் மேய்ப்பனின் சொல் என்ன தெரியுமா, கிறிஸ்துவுக்குள் உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை என்பது. திருமேனி அதைப் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து அவறாச்சனும் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார், அது உங்கள் ஏற்பாடு என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. "ரெண்டு வரிதானே அப்பச்சா, எழுதிட்டா என்ன குறைஞ்சிடும்? பின்ஸி மூணு நாளா சாப்பிடலை. எங்களுக்கும் இங்க சபையில தலை காட்ட வேண்டாமா?" என்றாய். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. உன் அப்பச்சன் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி மோனே, எழுதிடறேன்" என்று சொல்லிப் போனை என்னிடம் தந்தார். அவறாச்சனுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்குத்தான் பழம்பொரி தின்றார். "சாறே, பெரியவங்க நீங்க, உங்க ரெண்டு பேர் கல்லறைக்கும் நானே மேல்தோட்டத்துல எங்க குடும்பத்துக்குப் பக்கத்துல இடம் வாங்கி மார்பிள் போட்டுத் தர்றேன்" என்றார். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பரிசைப் பார். எழுதிக் கொடுத்துவிடுங்கள், புத்தகம் வெளியே வரட்டும் என்றுதான் நானும் சொன்னேன், ஒளிக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆசை இருந்தது.

எழுதினார். கேட்டபடியே இரண்டு வரி. அரமனைச் செயலாளர் புன்னூஸ் அச்சன் புரூஃபில் 'வருந்துகிறது' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். அச்சாகி வீடு வீடாகப் போன பிறகுதான் ஊரார் முழுதாகப் படித்தார்கள். நீயும் அவர்கள் கிழித்து அனுப்பிய தாளில் படித்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம். 'சென்ற இதழில் காலஞ்சென்ற உபதேசி பத்ரோஸ் அவர்களின் படத்தோடு வேறொருவரின் படம் முகம் படும்படி அச்சானது. இதனால் உபதேசியின் குடும்பத்தாருக்கு மன வருத்தம் நேர்ந்திருந்தால் ஒலிவக்கொம்பு மிகவும் வருந்துகிறது.' சாயாக்கடைகளில் அதைச் சத்தம் போட்டுப் படித்துச் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் ஒருத்தர்கூட அதற்குப் பிறகு இந்தப் படி ஏறவில்லை.

வேலை போனதை ஒரு சின்னத் துண்டுத் தாளில் எழுதி அனுப்பினார்கள், அதிலும் நாலு பிழை, சிவப்புப் பேனாவால் திருத்தி மேசையில் வைத்திருக்கிறார். அச்சுக்குப் போன புத்தகத்தைச் சிமென்டுச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள், கொண்டுவந்த ஆள் மழையில் வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். தாள்களை அடுப்புக்கு மேலே பரப்பிக் காய வைத்தேன், புகை வாசனை ஏறிவிட்டது. புது ஆசிரியராக அமெரிக்காவில் படித்த ஒரு பையன் அச்சன் வந்திருக்கிறார். வந்த முதல் இதழில் கோரச்சனுக்கு முழுப் பக்கம், சுற்றிலும் பூ வேலை, எதிர்ப் பக்கம் வெறுமை. முகம் படக்கூடாதே. மேய்ப்பனின் சொல்லுக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் எப்போதோ வந்த பழைய பக்கத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுவும் உன் அப்பச்சன் எழுதியதுதான். இவர் இப்போது மாத்திரை அட்டையிலும் அரிசிப் பையிலும் அச்சுப் பிழை தேடிக்கொண்டிருக்கிறார். எனக்கு இவர்மேலும் கோபம்தான் றெஜி. வீரம் காட்டியவர் சாப்பிட உட்கார்ந்தால் கறி வைக்க வேண்டியவள் நானல்லவா.

போன வாரம் உபதேசியின் மனைவி ஏலிச் சேடத்தி வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து இவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. "சாறே, நல்ல தமாஷ் பண்ணினீங்க, ஊரே சிரிச்சுது. எங்களுக்கு எப்ப மன வருத்தம் வந்துச்சு, எங்ககிட்டக் கேட்டீங்களா? அவரு கண்ணை மூடற வரைக்கும் அந்தப் புத்தகம் அந்தப் புத்தகம்னு சொல்லிட்டிருந்தாரு. நம்ம ஆளுங்க பேரெல்லாம் அச்சுல வரும்னு. ஒரு சிரிப்புக்காக அதையும் தொலைச்சிட்டீங்களே" என்றாள். இத்தனை வருஷத்தில் திருமேனிமார் திட்டியும் அசையாத மனுஷன், அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "சேடத்தி, நாங்க ரெண்டு பேரும் போனா, கீழ்த்தோட்டத்துல உபதேசி பக்கத்துல கொஞ்சம் இடம் தருவீங்களா" என்று கேட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அது எங்களுக்கே பத்தாத இடம் சாறே. பிள்ளைங்களுக்கு மன வருத்தம் வருமான்னு தெரியலை, கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

புத்தகத்தை நானே அச்சடித்துத் தருகிறேன் என்று பாசம் பொங்கி எழுதிவிடாதே. உன் வீட்டுக்கு அது வந்தால் எந்தப் புத்தகத்தின் பக்கத்தில் வைப்பாய்? பிள்ளைகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடு, காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போ. பின்ஸி இப்போது சாப்பிடுகிறாள் என்று நம்புகிறேன். உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் தம் சிறகுக்குள் காத்துக்கொள்ளட்டும், அங்கே எல்லாருக்கும் இடம் இருக்கும் என்றுதான் நானும் இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. மார்பிளுக்கு அளவு எடுக்க வேண்டாம் என்று உன் மாமனாரிடம் சொல்லிவிடு. ஏலிச் சேடத்தியின் பிள்ளைகளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, காத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மச்சி
சாறாம்மா இட்டியவிரா