எழுவாய் இல்லாத வாக்கியம்

2025 ஜூன் 9, திங்கள்

செக்கிங்கிலிருந்து என்னை ஆபீஸுக்கு மாத்திட்டாங்க. ஏழு வருஷம் பனியனில் ஓட்டை தேடியவள், இனிமேல் துணி வாங்குற வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதணுமாம். "சீக்கிரம் இங்கிலீஷ் கத்துக்குங்க சித்ரா. இருபதாம் தேதி பையரோட பாதுகாப்பு ஆடிட்" என்றார் மேனேஜர் தரணீதரன் சார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அனிதா போன மாசம் சொல்லாமல் நின்னுட்டாளாம். டிராயரில் அவளுடைய இலக்கண நோட்டு கிடந்தது.

ஜூன் 10

முதலில் சப்ஜெக்ட். அப்புறம் வெர்ப். அதுக்கப்புறம்தான் ஆப்ஜெக்ட். தமிழில் "சாப்பிட்டாச்சு" என்றால் முடிந்தது. இங்கிலீஷில் ஆள் வந்து முன்னாடி நிக்கணும்.

அவள் எழுதிய உதாரணம் எல்லாம் நம்ம கம்பெனி ஆளுங்கதான். முனீஸ் பெட்டி தூக்குகிறான். முனீஸ் சிரிக்கிறான்.

ஏப்ரலில் கூட்ஸ் லிஃப்ட் குழியில் விழுந்து செத்த முனீஸ். பேக்கிங்கில் இருந்தவர்.

ஜூன் 12

காலங்கள் பற்றிய பக்கம். நிகழ்காலத்துக்கு உதாரணம்: She is sitting in my chair. அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிர்காலத்துக்கு: She will turn the page.

நான் பக்கத்தைத் திருப்பிட்டுத்தான் அதுக்கு அர்த்தம் யோசிச்சேன். அவ இதை எழுதறப்ப நான் கீழே செக்கிங்கில் நின்னுட்டிருந்தேனே — யாரைச் சொல்றா?

ஜூன் 13

சோத்து நேரம். மாடியில் நான் மட்டும். யாரும் பட்டனை அமுத்தலை. லிஃப்ட் தானா ஏறி வந்து நின்னுச்சு. கதவு திறந்தபடியே ஏறி வந்திருக்கு.

ஜூன் 16

ஆடிட்டுக்காக விபத்து ரிப்போர்ட்டைத் திரும்ப டைப் பண்ணச் சொன்னார் சார். போன வாரம்வரை எனக்கு இது வெறும் எழுத்து. இப்போ வாக்கியம் வாக்கியமாப் பிரியுது.

The safety switch was removed. சுவிட்ச் அகற்றப்பட்டிருந்தது. யாரால்? இல்லை.

அடுத்த வரி: Munees opened the gate and fell. முனீஸ் கதவைத் திறந்தான், விழுந்தான். இங்கே மட்டும் ஆள் முன்னாடி நிக்குது. செத்தவருக்கு மட்டும் சப்ஜெக்ட்!

நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த முதல் வரியேதான். கீழே, 'ஆக்டிவ் வாய்ஸில் மாற்றுக'. விடையை ரப்பரால் அழிச்சிருந்தா. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ச்சுப் பிடிச்சேன். பென்சில் அழுந்தின தடம் தெரிஞ்சுது. தரணீதரன், சாமியப்பனைச் சுவிட்சைக் கழற்றச் சொன்னார்.

ஜூன் 17

எலக்ட்ரீஷியன் சாமியப்பண்ணனிடம் கேட்டேன். "அந்தச் சுவிட்ச் இருந்தா, கதவு மூடாம லிஃப்ட் நகராதுங்க. ஷிப்மெண்ட் அவசரம், கழட்டுன்னாரு. கழட்டினேன். அனிதாப் புள்ளை பக்கத்துலதான் நின்னுச்சு."

"இன்னும் மாட்டலீங்களா?"

"மாட்டச் சொல்லலீங்களே."

அனிதா நம்பர் ரெஜிஸ்டரில் இருந்தது. போன் போட்டேன். நான் பேரைக்கூடச் சொல்லலை. "எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சீங்க?" என்றாள்.

"கடைசி வரைக்கும்."

போனை வெச்சுட்டா.

ஜூன் 19

நாளைக்கு ஆடிட். பயமா இருக்கு. வேலை போச்சுன்னா?

ஜூன் 20

ரிப்போர்ட்டில் அந்தச் சுவிட்ச் வாக்கியத்தை மாத்தி, சார் பேரை முன்னாடி போட்டுத்தான் டைப் பண்ணினேன். ஆடிட்டர் அம்மா படிச்சுட்டு நிமிர்ந்தாங்க. "இதை எழுதினது யாரு?" சார் என்னையே பார்த்தார். "நான்தாங்க" என்றேன். வாசலில் நின்ன சாமியப்பண்ணன் உள்ளே வந்து, "அந்தப் புள்ளை எழுதினது நெசந்தானுங்க" என்றார்.

ஜூன் 21

எங்க ரெண்டு பேரையும் வர வேண்டாம்னுட்டாங்க.

ஜூலை 6, ஞாயிறு

பெருமாநல்லூரில் வேற கம்பெனி. மறுபடியும் செக்கிங். பழைய கம்பெனி லிஃப்டுக்கு சீல் வெச்சாச்சு, சார் மேல கேஸ் என்று சாமியப்பண்ணன் சொன்னார்.

சாயங்காலம் மண்ணரைப் பக்கம் முனீஸ் சம்சாரம் செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். பையர் ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்திருக்கு, வாசிக்க ஆள் இல்லைன்னு கூப்பிட்டு விட்டிருந்தாங்க. நடந்ததைச் சொல்ற பத்தியை ரெண்டு தரம் வாசிச்சு, அர்த்தம் சொன்னேன்.

"யாரு செஞ்சதுன்னு போட்டுருக்காகளா?"

"போட்டிருக்குதுங்க. அந்தப் பத்தியில மொத வார்த்தையே மேனேஜர் பேர்தான்."

"எங்கன?"

அவங்க விரலைப் பிடிச்சு அந்தப் பேர் மேல வெச்சேன். "இம்புட்டுத்தானா" என்றாங்க.

நான் கிளம்பும்போதும் அவங்க விரலை எடுக்கவில்லை.